பிலோமினாவுக்குத் தெரியாத சிங்களம்

உங்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு ‘லேசு’ அழுத்துகிற ஆட்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மற்றப் பாதிப் பேர் எதற்கும் இருக்கட்டும் என்று ‘கஷ்டம்’ அழுத்துகிறவர்கள். மொழிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குப் பிரயோசனமாக ஏதாவது எழுதித் தாருங்கோ என்று என்னைக் கேட்டார்கள். இலக்கணமும் அகராதியும் சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளர், இனி ஆருக்கும் பயப்படத் தேவையில்லை. ஆகையால் நான் பொத்தான் அழுத்துவதைப் பற்றி எழுதுகிறேன்.

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்த சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. நானாட்டான் பக்கத்தில் பிரதேச செயலகம், அதுதான் எங்கள் கந்தோர். கூரை புதிது, கதிரைகள் இரவல். விடிந்தால் வாசலில் சனம் நிற்கும். வீட்டுத்திட்டம், காணி, குளத்துத் தண்ணீர், தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு கவலை. கொழும்பிலிருந்து வருகிற கடிதங்களில் முக்கால்வாசி சிங்களத்தில் வரும். அவற்றை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குக் காய்ச்சல் வந்தால் கந்தோருக்கே காய்ச்சல் வந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உத்தியோகத்தர்கள் எல்லாரும் சிங்கள வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அவர்களை ஆயத்தப்படுத்துவது என் தலையில் விழுந்தது.

கொழும்பில் படித்துக்கொண்டிருந்த என் மருமகள் ஒருத்தி, கந்தோர்க் கணினியில் ஓர் அட்டை மென்பொருளை ஏற்றித் தந்தாள். திரையில் ஓர் அட்டை வரும். அதன் முன்பக்கத்தில் தமிழ். அதற்குச் சிங்களம் என்ன என்று யோசித்துச் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு உங்களுக்கு நீங்களே புள்ளி போடவேண்டும். மறந்துபோயிருந்தால் ‘திரும்ப’. அந்த அட்டை உடனேயே மறுபடி வந்து நிற்கும். ‘கஷ்டம்’, ‘சரி’ என்றால் கொஞ்சம் பொறுத்து வரும். ‘லேசு’ என்றால் நெடுநாளைக்குத் தலைகாட்டாது. மறக்கப்போகிற நேரம் பார்த்துக் கேள்வி கேட்கிற வாத்தியார் என்று வையுங்கள். ஆனால் இந்த வாத்தியாருக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவார். முழு வில்லங்கமும் அங்கேதான் இருக்கிறது.

முதல் மாதம் எல்லாரும் சேர்ந்தே படித்தோம். மின்சாரம் இருக்கும் நேரம் குறைவு என்பதால் அந்த ஏற்பாடு. ஒருவர் அட்டையை வாசிக்க மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். பாலத்துக்கு அப்பால் தீவுப் பக்கத்திலிருந்து வருகிற கத்தோலிக்க ஆட்களுக்குக் கோயிலில் மன்றாட்டுச் சொல்லிப் பழக்கம். முன்னுக்கு நிற்பவர் சொல்ல, பின்னுக்கு நிற்பவர்கள் ராகத்தோடு முடிக்கிற பழக்கம். வயல் செய்கிற தரைப்பக்கத்து ஆட்களும் இரண்டு நாளில் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்கக் காதுக்கு இனிமையாக இருந்தது. ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்து, நன்றாகப் பதில் சொல்லுகிற ஒருத்தியைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு அடுத்த அட்டையை வாசித்தேன். கந்தோரில் மயான அமைதி. அன்றிலிருந்து ஆளுக்கொரு கணக்குத் திறந்து, தனித்தனியாக இருக்கச் சொன்னேன்.

தனியாக இருந்தால் உண்மை வரும் என்று நினைத்தேன். எங்கள் நிர்வாக உத்தியோகத்தரை மறந்துபோனேன்.

சேர் நல்ல மனிதர். ஏழைச் சனத்தை ஒருநாளும் காக்கவைக்கமாட்டார். ஆனால் மவுஸைத் தொடமாட்டார். அது எழுதுவினைஞருடைய வேலை என்பது அவருடைய எண்ணம். ஆகவே எழுதுவினைஞர் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்து அட்டையை வாசிப்பார்.

“நீர்ப்பாசனம், சேர்.”

சேர் கூரையைப் பார்ப்பார். மின்விசிறியைப் பார்ப்பார். எழுதுவினைஞர் ‘வா...’ என்று மெல்ல இருமுவார்.

“அதுதானே! வாரிமார்க்க!” என்று சேர் மேசையில் தட்டுவார்.

“அப்பிடியே சேர்” என்று எழுதுவினைஞர் லேசு அழுத்துவார்.

ஒருநாள் நான் அந்த எழுதுவினைஞரைத் தனியே பிடித்து, இது நியாயமோ என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மிஸ், சேருக்கு நான் எப்பிடித் ‘திரும்ப’ போடுறது? பிறகு லீவு கேட்டு ஆரிட்டப் போறது?”

இதற்கு எந்த மென்பொருளிலும் மருந்து இல்லை. சேருடைய அட்டைகள் ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் தள்ளிப் போய், கடைசியில் கணினி அவரிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டது. சேர் பூரித்துப் போனார். “முடிஞ்சுது மிஸ். இனிப் படிக்க ஒண்டுமில்லையெண்டு கணினியே சொல்லுது” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திரையைக் காட்டினார்.

அடுத்தது பிலோமினா. கீரி என்ற தீவுக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பாலம் கடந்து வருகிற அபிவிருத்தி உத்தியோகத்தர். கணவருக்குக் கடல் தொழில். குரல் என்றால் கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்துக்குக் கேட்கும். அவளைக் கண்டால் பஸ் நடத்துனர் எழும்பித் தன் இருக்கையைக் கொடுப்பார். சண்டை பிடிக்கப் பிறந்தவள், ஆனால் மனசில் ஒன்றும் வைத்திருக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அந்தக் கணினிக்கு முன்னால் மட்டும் நனைந்த கோழியாகிவிடுவாள். எந்த அட்டை வந்தாலும் திரும்ப. அடுத்ததும் திரும்ப. வந்த அட்டைகளே வந்துகொண்டிருந்தன. புதிய அட்டை அவள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கணினி அவளை மக்கு என்று முடிவுகட்டிவிட்டது.

இதைச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய நியமனம் அந்த உத்தரவுக்கு முன்னமே, சிங்களத்தில் சித்தியடைய வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டுவிட்டாள். இந்த முறையும் தவறினால் வேலை போய்விடும். மீளக்குடியேறி, தகரக் கொட்டிலில் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு, மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிற ஒரே வருமானம் அந்த வேலைதான்.

ஒருநாள் நான் சத்தம் போடாமல் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். ‘வாக்காளர் இடாப்பு’ என்று அட்டை வந்தது. அவளுடைய உதடு அசைந்தது. சரியான சிங்களச் சொல். அட்டையைத் திருப்பினாள். அதே சொல். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, திரும்ப அழுத்தினாள்.

“பிலோமினா, நீர் சரியாத்தானே சொன்னீர்?”

துள்ளி எழும்பினாள். “ஐயோ அக்கா, பயந்துபோனன். யோசிச்செல்லோ சொன்னனான். யோசிச்சுச் சொன்னா அது தெரிஞ்சதே?”

“யோசிக்கத்தானே அட்டை இருக்கு?”

“இல்லையக்கா. பாவசங்கீர்த்தனத்தில ஒண்டைக் குறைச்சுச் சொல்லுறதைவிட ரெண்டைக் கூட்டிச் சொல்லுறது நல்லம். இல்லாததை இருக்கெண்டு சொன்னாத்தான் பொய்.”

இருக்கிறதை இல்லையென்று சொன்னாலும் பொய்தான் என்று நான் வாதாடிப் பார்த்தேன். குருவானவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று விஷயத்தை முடித்துவிட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம். நான் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வெளியே விறாந்தையில் ஒரு பெண் தொலைபேசியில் சிங்களத்தில் யாரையோ கிழித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மீனை ஏற்ற வந்த லொறி ஏன் பிந்தியது, ஐஸ் ஏன் அரைவாசி உருகியது, உருகிய ஐஸுக்கும் நிறை பார்க்கிற நாடு எது என்று கேள்விமேல் கேள்வி. தெற்கிலிருந்து ஆரோ பெரிய உத்தியோகத்தர் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். அங்கே நின்றது பிலோமினா.

நான் கேட்டேன்: “இவ்வளவு சிங்களத்தை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீர்?”

“அது சிங்களமில்லையக்கா, அது சண்டை” என்றாள். அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். ஆயத்தமானவர்களின் பெயர்களை மட்டும் அனுப்பும்படி கடிதம் வந்திருந்தது. சேர் கணினித் திரையைப் பார்த்துத் தன் பெயரை முதலாவதாக எழுதினார். பிலோமினாவின் பெயரை எழுதாமல் பேனையை மூடினார்.

“கணினி பொய் சொல்லாது மிஸ். அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் வரேல்லை. ஆயத்தமில்லாத ஆளை அனுப்பினா எங்கட கந்தோருக்குத்தான் மானக்கேடு.”

“சேர், கணினி நாங்கள் சொல்லுறதைத்தான் திருப்பிச் சொல்லுது. அவ இந்த முறை போகாட்டி வேலையே இல்லை.”

“அதுக்காகப் பொய் எழுதேலுமே?”

நான் கொஞ்சம் யோசித்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கையில் இருக்கிற ஆதாரம் ஒன்றைச் சொல்லும், நீங்கள் காதால் கேட்டது வேறொன்றைச் சொல்லும். அந்த நேரத்தில் நியாயம் பேசி வெல்ல முடியாது. மேலதிகாரிக்கு உங்களிடம் என்ன தேவை என்று பாருங்கள்.

“அவ வராட்டி நானும் வரேல்லை சேர்” என்றேன்.

சேருக்கு முகம் மாறிவிட்டது. “நீங்கள் வராட்டி அங்க போய் எந்த அறை, எத்தினை மணி எண்டு ஆர் மிஸ் கேக்கிறது? அவங்கள் சிங்களத்திலயெல்லோ சொல்லுவாங்கள்?”

பிலோமினாவின் பெயர் எழுதப்பட்டது.

பரீட்சை வவுனியாவில். நாங்கள் போன வாடகை வான் மடுச் சந்தியைத் தாண்டும்போது பிலோமினா நிற்பாட்டச் சொன்னாள். இறங்கி, கோயில் இருக்கிற திசையைப் பார்த்துச் சிலுவை போட்டு, மாதாவிடம் நெடுநேரம் முணுமுணுத்தாள். சேர் நெற்றி நிறைய விபூதி பூசுகிற சைவர். அவரும் இறங்கி, “எதுக்கும் இருக்கட்டும்” என்று ஒரு கும்பிடு போட்டார்.

ஒரு பாடசாலை வகுப்பறையில் பரீட்சை நடந்தது. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பரீட்சகர்கள். வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வெளியே ஒரு வாங்கில் இருந்தேன். உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது.

சேர் முதலில் போனார். பெயரைக் கேட்டார்கள், சொன்னார். பிறகு காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சேர் கூரையைப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் திரும்பினார். வழக்கமாக எழுதுவினைஞர் இருக்கிற பக்கம் அது. அங்கே ஆரும் இருமவில்லை. சேர் உரத்த குரலில், திருத்தமான உச்சரிப்பில், சிங்களத்தில் சொன்னார்: “பிரதேச செயலாளர்.”

பரீட்சகர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சேர் வெளியே வந்து என் பக்கத்தில் இருந்து, “லேசு மிஸ்” என்றார்.

அடுத்து பிலோமினா. இருவரில் வயதான ஆண் பரீட்சகர் நல்ல மனசோடு, அவளுடைய பயத்தைத் தெளியவைக்க நினைத்தோ என்னவோ, எல்லாவற்றிலும் சுலபமான கேள்வியைக் கேட்டார். சிங்களம் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

பிலோமினா விறைத்து நின்றாள். பார்வை நிலத்தில். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். ஒரு கையில் அடையாள அட்டை இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை, எப்போது எடுத்தாள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

“தன்னே நே மாத்தயா” என்றாள். தெரியாது ஐயா.

“அப்ப ஏன் வந்தனீங்கள்?” என்று அவர் சிங்களத்திலேயே கேட்டார்.

அவள் அடையாள அட்டையை இன்னும் முன்னுக்கு நீட்டினாள். பரீட்சகர் அதை வாங்கவில்லை. பிறகு, தெரிந்த பிறகு வாருங்கள், போகலாம் என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. பிலோமினா வெளியே வந்தாள். அடையாள அட்டை இன்னும் கையில். இவளுடைய வேலையும் பிள்ளைகளின் சாப்பாடும் அந்தக் கதவால் போய்க்கொண்டிருந்தன.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆறுதல் சொன்னால் அழுவாள், அழுதால் திரும்பிப் போகமாட்டாள். சிங்களம் அவளுக்கு எந்த வாசலால் வரும் என்று நான் ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன். அதைத் திறந்துவிட்டேன்.

“பிலோமினா, அந்தாள் உம்மட மீனுக்கு நிறையைக் குறைச்சுப்போட்டுது. பேசாமல் வாறீரோ?”

அவள் என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கவே உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சிங்களத்தில். மொழிபெயர்ப்பு என்னுடையது.

“ஐயா, நீங்கள் என்னட்டை எந்த மொழியில கேட்டனீங்கள்?”

“சிங்களத்தில.”

“நான் எந்த மொழியில பதில் சொன்னனான்?”

பரீட்சகர் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெரியாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“தெரியாத ஆள் உங்கட கேள்வியை விளங்கிப் பதில் சொல்லுமே? ஒரு சொல்லைக் கேட்டுப்போட்டு ஆளைத் துரத்துறதுதான் பரீட்சையோ? மூண்டு மணித்தியாலம் வானில வந்தனான். உங்கட கந்தோருகளிலயிருந்து வாற கடிதமெல்லாம் சிங்களத்தில. வீடில்லாத சனம் அதைக் கையில வைச்சுக்கொண்டு வெய்யிலுக்க நிக்குது. அதை வாசிச்சுச் சொல்ல எங்களிட்ட ஒரேயொரு அக்காதான் இருக்கிறா. அவவுக்கும் இடைக்கிடை காய்ச்சல். என்னையும் அனுப்பிவிட்டா அந்தச் சனம் ஆரிட்டப் போறது?”

அங்கிருந்து ஐஸுக்குப் போனாள். லொறிக்குப் போனாள். பஸ்ஸுக்குப் போனாள். பரீட்சகர் இரண்டு தரம் “போதும் மகள், இருங்கோ” என்றார். “இல்லை, இன்னும் முடியேல்லை” என்றாள். கடைசியாக மூச்சு வாங்க நின்றபோது அவர் தாளில் ஏதோ எழுதி, அவள் பார்க்கும்படி திருப்பிக் காட்டினார்.

“சித்தியோ? உண்மையாவோ?” பிலோமினாவின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு இடத்தில தடக்கினனான் ஐயா.”

“பரவாயில்லை. நான் எல்லா இடத்திலயும் தடக்கினனான்” என்றார் அந்த மனிதர்.

திரும்பி வரும்போது வானில் அவள் நெடுநேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். மடுச் சந்தி தாண்டிய பிறகு தானாகவே சொன்னாள்.

“சின்னனில இடம்பெயர்ந்து புத்தளப் பக்கம் இருந்தனாங்களக்கா. விளையாட்டோட விளையாட்டாச் சிங்களம் வந்திட்டுது. பிறகு இங்கால வந்து போற வழியெல்லாம் ஆமிக்காரரின்ர சென்றி. சிங்களம் தெரியுமா எண்டு கேப்பாங்கள். தெரியும் எண்டா, எங்க படிச்சனி, ஆர் படிப்பிச்சது, எதுக்குப் படிச்சனி எண்டு ஆளை அங்கால கூட்டிக்கொண்டு போயிடுவாங்கள். என்ர அண்ணை தெரியும் எண்டு சொன்னவர். ரெண்டு நாளுக்குப் பிறகுதான் விட்டவங்கள். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில எல்லாருக்கும் ஒரே பதில்தான். விளங்கினாலும் முகத்தில காட்டக்கூடாது.” கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். “உங்கட கணினியும் அதைத்தானேயக்கா கேக்குது. ஒவ்வொரு அட்டைக்கும் தெரியுமா, தெரியுமா எண்டு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், பாவசங்கீர்த்தனம் என்று அவள் சொன்னதெல்லாம் அவளுக்கே தெரியாமல் அவள் தேடிக்கொண்ட சாட்டு. அவளுடைய விரல் பல வருடங்களாகச் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

முன் ஆசனத்திலிருந்த சேர் தொண்டையைச் செருமினார். “நானும் அப்பிடித்தான் மிஸ், சென்றியில ஒருநாளும் தெரியுமெண்டு சொன்னதில்லை” என்றார். பிறகு சன்னமாக, “ஆனா எனக்கு உண்மையாவே தெரியாது” என்றார். சாரதி வானை ஓரமாக நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார். சேரும் சிரித்தார். அடுத்த கிழமையே தன் கணக்கை அழித்துவிட்டு, எழுதுவினைஞரை அந்தப் பக்கம் அண்டவிடாமல், தன் கையால் மவுஸைப் பிடித்து முதலாவது அட்டையிலிருந்து தொடங்கினார். பிறகு வந்த பரீட்சையில், காலையில் இடியப்பம் சாப்பிட்டதாகச் சொல்லிச் சித்தியடைந்தார்.

நீங்கள் மற்றவர்களைப் படிப்பிக்கப் போகிறவர்கள். உண்மையாகக் குறியுங்கள், உங்களை நீங்களே ஏமாற்றாதீர்கள் என்று முதல்நாள் வகுப்பில் சொல்வீர்கள். சொல்லுங்கள், அது சரிதான். ஆனால் ஒருவர் பொய்யாகக் குறித்தால் சோம்பல், வீம்பு என்று உடனே பேசிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஆர் என்று பாருங்கள். தெரியும் என்று சொன்னதற்காக அந்த ஆளுக்கு முன்னொரு காலம் என்ன நடந்தது என்று கேளுங்கள். உண்மை சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கை வந்தவருக்குத்தான் அந்தப் பொத்தான்கள் வேலை செய்யும்.

பரீட்சைக்கு அடுத்த நாள் பிலோமினா வழமைபோல முதல் பஸ்ஸில் வந்தாள். சித்தியடைந்த ஆளுக்கு இனி அட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். ஓர் அட்டை வந்தது. வாய்விட்டுப் பதில் சொன்னாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கை கொஞ்ச நேரம் மவுஸில் அப்படியே இருந்தது. பிறகு லேசு அழுத்தினாள். அழுத்திவிட்டு, சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருவரும் வரவில்லை. அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.